மதர்போர்டை மாற்றலாம், லினக்ஸை அழிக்க வேண்டாம்

கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை மழை இடியோடுதான் இறங்கும். போன மாங்காய்ப் பருவத்தில் ஒரு சாயங்காலம், காவேரிப்பட்டணத்தில் என் மாமா நடத்தும் மண்டிக்குள் கேபிள் இணைய வயர் வழியாக மின்னல் நுழைந்தது. மறுநாள் காலை அங்கிருந்த கணினியின் பவர் பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கேபினெட்டைத் திறந்தபோது, இணைய வயரைச் செருகும் லேன் துளைக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கருகியிருந்தது. கருகிய வாடையும் போகவில்லை.

பழுதுபார்க்க வந்தவர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு போய்விட்டது என்றார். அது சரிதான். அடுத்து அவர் சொன்னதுதான் மாமாவைக் கலங்கவைத்தது. போர்டை மாற்றினால் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்து, அதாவது ஹார்ட்டிஸ்க்கை அழித்து, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த வாரம் அது. அந்தக் கணினியில் ஆறு வருடக் கணக்கு இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த பக்க அளவுகள் இருந்தன. தமிழ்99 விசைப்பலகை அமைப்பும், எடைமேடையிலிருந்து எடையைத் தானாக வாங்கிப் பில் போடும் சிறு நிரலும் இருந்தன. கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த அமைப்புகளை மறுபடி உருவாக்க ஒரு வாரம் ஆகும், மாங்காய் அதுவரை காத்திருக்காது.

அந்தக் கணினியில் இருந்த இயங்குதளம் லினக்ஸ், அதில் டெபியன் என்ற வகை. ஃபார்மேட் செய்யாமலே போர்டை மாற்றினோம். அடுத்த நாள் மதியம் பில் ஓடியது. அதை எப்படிச் செய்வது என்று, இதற்கு முன் கேபினெட்டையே திறந்திராதவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் முடிகிறது?

ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸின் டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் லினக்ஸ் போர்டில் உள்ள ஒவ்வொரு சில்லையும் புதிதாக விசாரித்து, அதற்குரிய டிரைவரை மட்டும் ஏற்றிக்கொள்கிறது. நேற்று இன்டெல் போர்டில் இருந்த ஹார்ட்டிஸ்க்கை இன்று ஏஎம்டி போர்டில் மாட்டினாலும் அது பதறுவதில்லை. போர்டோடு பிணைந்த உரிமமும் கிடையாது.

ஆனால் சில விஷயங்கள் ஹார்ட்டிஸ்க்கில் இல்லை, போர்டிலேயே இருக்கின்றன. எந்த ஹார்ட்டிஸ்க்கில் எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பு, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் ஏற்பாட்டின் சாவிகள், கடிகாரம், லேன் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரி ஆகியவை போர்டோடு போய்விடும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (பூட்டி) அதன் சாவியைப் போர்டிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் வைத்திருந்தால் அதுவும் போய்விடும், கடவுச்சொற்றொடரைக் கையால் தட்டித்தான் திறக்க முடியும். போர்டு மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இந்தப் பட்டியலில் இருந்துதான் வருகிறது. இதை அறிந்தவர் ஃபார்மேட் என்ற சொல்லுக்கே போகமாட்டார்.

போர்டு வாங்கும்போது

பழைய பிராசசரும் ராமும் நன்றாக இருந்தால் அவற்றுக்குப் பொருந்தும் போர்டையே தேடுவது மலிவு. பிராசசர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் 2, 3ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு 1155 சாக்கெட், 4ஆம் தலைமுறைக்கு 1150, 6 முதல் 9ஆம் தலைமுறை வரை 1151. இந்தக் கடைசிக் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. 8, 9ஆம் தலைமுறைக்குப் போர்டின் துணைச் சில்லான சிப்செட் 300 வரிசையில் இருக்க வேண்டும், சாக்கெட் எண் ஒன்றாக இருந்தாலும் பழைய 100, 200 வரிசைப் போர்டில் அவை ஓடாது. ராமில் டிடிஆர்3க்கு 240 முனைகள், டிடிஆர்4க்கு 288. நடுவிலுள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் துளையில் அழுத்திப் பார்க்கவே கூடாது.

மின்னல் தாக்கிய கணினியில் பழைய பிராசசரை நம்பிப் பணம் போட எனக்கு மனம் வரவில்லை. மாமாவுக்கு ஏஎம்டி போர்டு, பிராசசர், டிடிஆர்4 ராம் மூன்றையும் சேர்த்தே வாங்கினோம். கிருஷ்ணகிரியில் உடனே கிடைக்காதது ஓசூரில் கிடைக்கும். அங்கும் இல்லையென்றால் கணினிப் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது, காலை பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கடையில் பணம் கொடுக்கும் முன் போர்டின் பின்பக்கத் துளைகளைப் பாருங்கள். உங்கள் மானிட்டருக்கு விஜிஏ வயர் மட்டுமே இருந்து, போர்டில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால், வீட்டுக்கு வந்தபின் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

மிகப் புதிய போர்டுக்கு மிகப் பழைய லினக்ஸ் போதாது. டெபியன் 11இன் கெர்னல் 5.10, டெபியன் 12இன் கெர்னல் 6.1. போர்டு வெளிவந்த காலத்துக்கு முந்திய கெர்னலில் அதன் லேன், வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கு டிரைவர் இல்லாமல் போகலாம். பழைய போர்டு இன்னும் உயிரோடு இருந்தால், மாற்றும் முன்பே கெர்னலைப் புதுப்பித்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்

பழைய போர்டு ஓடுகிறது, வேகத்துக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அரை மணி நேரத்தில் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடலாம்.

முதலில் நகல். ஹோம் கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அது அமைப்புக் கோப்புகளைத்தான் பாதுகாக்கும், நாமாகச் சேர்க்காவிட்டால் ஹோம் கோப்புறையைத் தொடாது.

அடுத்து, கணினி எந்த முறையில் தொடங்குகிறது என்று பாருங்கள். கோப்பு மேலாளரில் எல்லாவற்றுக்கும் மேலான மூலக் கோப்புறைக்குப் (/) போய், ‘சிஸ்’, அதனுள் ‘ஃபர்ம்வேர்’ என்று திறங்கள். அங்கே ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை. இல்லாவிட்டால் பழைய பயாஸ் முறை. இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு இதுதான் வழியைத் தீர்மானிக்கும்.

‘ஈடிசி’ கோப்புறையில் ‘எஃப்எஸ்டேப்’ என்றொரு கோப்பு உண்டு. டிஸ்க்கின் எந்தப் பகிர்வு (பிரித்த பகுதி) எங்கே இணைய வேண்டும் என்று அதில் வரிவரியாக இருக்கும். வரியின் தொடக்கத்தில் யூயூஐடி என்ற நீண்ட எண் இருந்தால் கவலையில்லை, அது பகிர்விலேயே பதிந்தது, எந்தப் போர்டிலும் மாறாது. ‘எஸ்டிஏ1’, ‘எஸ்டிபி1’ போன்ற பெயர்கள் இருந்தால் யூயூஐடியாக மாற்றிவிடுங்கள். போர்டில் டிஸ்க் வயரைச் செருகும் சாட்டா துளை மாறினால் எஸ்டிஏ எஸ்டிபி ஆகும், எஸ்டிபி எஸ்டிஏ ஆகும். கணக்கு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நிற்கும். எப்போதோ செருகிய பழைய டிஸ்க்கின் வரி கிடந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாத டிஸ்க்குக்காக லினக்ஸ் 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைத் திரைக்குப் போய் நின்றுவிடும். பார்க்கிறவர்கள் கணினி கெட்டுவிட்டதென்றே எண்ணிவிடுவார்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைக்கு அந்நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போட்டிருந்து, இனி அந்த அட்டை இருக்காது என்றால் டிரைவரை இப்போதே நீக்குங்கள்.

எங்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை, போர்டு செத்துவிட்டது. அப்படியானால் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, அதே எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். கையோடு நகலும் எடுத்துவிடலாம். எந்த முறையில் நிறுவப்பட்டது என்பதும் தெரியும்: சில நூறு எம்பி அளவில் ஃபேட்32 வகையில் ‘இஎஃப்ஐ சிஸ்டம்’ என்றொரு சிறு பகிர்வு இருந்தால் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ.

கடைசியாக ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் நிறுவல் கோப்பை எழுதி வையுங்கள். நிறுவுவதற்காக அல்ல. பென்டிரைவிலிருந்தே ஓடும் அந்த மின்டில் தொடக்கக் கோளாறுகளைச் சரிசெய்யும் ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவி தயாராக இருக்கிறது. உங்கள் டிஸ்க்கில் இருப்பது டெபியனோ, உபுண்டு என்ற வகையோ, அது உதவும்.

கேபினெட்டைத் திறந்து

மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். ஒரு வயரைக்கூட எடுக்கும் முன் செல்பேசியில் நான்கைந்து படம் எடுங்கள். முன்பக்கப் பட்டனுக்கும் விளக்குக்கும் போகும் மெல்லிய வயர்களை மிக அருகில் வைத்து எடுங்கள், பிற்பாடு அதிகம் குழப்புவது அவைதான். மண்டிக் கணினிக்குள் வைக்கோல் துணுக்கும் செம்மண்ணும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. மென்தூரிகையால் துடைத்த பிறகுதான் ஸ்க்ரூ தலைகளே தெரிந்தன.

புதிய போர்டை நேரே கேபினெட்டில் பூட்டாதீர்கள். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், விசிறி, ஒரே ஒரு ராம், 24 முனை மின்வயர், பிராசசருக்கான 4 அல்லது 8 முனை மின்வயர், மானிட்டர் இவற்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். பவர் பட்டனுக்குரிய இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டால் போர்டு ஓடத் தொடங்கும். திரையில் எழுத்து வந்த பிறகு பூட்டுங்கள். பிராசசர் மின்வயரைச் செருக மறந்துவிட்டு போர்டு சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். டிடிஆர்5 ராம் என்றால் முதல் முறை சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். அது போர்டு நினைவகத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம், பொறுத்திருங்கள்.

கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகிவிடும்.

முதல் முறை இயக்கும்போது

இங்கேதான் பலர் மனம் தளர்ந்து ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கிறார்கள்.

எல்லாம் பூட்டி இயக்கினோம். தொடங்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. “டிஸ்க்கும் போய்விட்டதா மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமா. போகவில்லை. டெலீட் விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் போனால், சாட்டா பட்டியலில் டிஸ்க்கின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. டிஸ்க் இருக்கிறது, அதில் லினக்ஸும் இருக்கிறது. எந்தக் கோப்பைத் திறந்து தொடங்குவது என்ற குறிப்பு பழைய போர்டோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தத் திரையிலேயே மூன்றைச் சரிபாருங்கள். தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். தேதி பிசகினால் இணையத் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும், புதுப்பிப்பும் மறுக்கும். டிஸ்க்கோடு போர்டு பேசும் விதமான சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கட்டும். ரெய்டு, ஆர்எஸ்டி, விஎம்டி என்று இருந்தால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாமல் போகலாம். செக்யூர் பூட்டை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். என்விடியா, கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றின் டிரைவர்களுக்கு நீங்கள் பழைய போர்டில் பதிந்த சாவி புதியதில் இருக்காது.

சில கணினிகளில் இந்தத் தொல்லையே வராது. டிஸ்க்கின் இஎஃப்ஐ பகிர்வில் ‘பூட்’ என்ற கோப்புறைக்குள் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பு இருந்தால், குறிப்பு ஏதும் இல்லாத போர்டும் அதைத் தேடித் திறக்கும். உபுண்டு வகைகள் வழக்கமாக அங்கே ஒரு பிரதியை வைத்துவிடுகின்றன. டெபியனில் அது வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கு க்ரப் என்று பெயர். பழைய போர்டு ஓடும்போதே க்ரப்-இன்ஸ்டால் கட்டளையோடு ‘ரிமூவபிள்’ என்ற தெரிவைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிவைத்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

எங்களுக்கு அது இல்லாததால் பென்டிரைவைச் செருகினோம். தொடக்கப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இருமுறை தெரியலாம். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு இருப்பதையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் போனால் கருவி தவறான முறையில் சரிசெய்யப் பார்க்கும். மின்ட் திரை வந்ததும் செல்பேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போடுங்கள். லேன் சில்லுக்கு டிரைவர் இல்லாத கணினியிலும் பெரும்பாலும் இந்த வழியில் இணையம் வந்துவிடும், க்ரப் தொகுப்பைப் பதிவிறக்க அது தேவைப்படலாம். மெனுவில் நிர்வாகம் பகுதியில் பூட் ரிப்பேர் இருக்கும். அதைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம் என்ற முதல் பட்டனை அழுத்துங்கள். அது சொல்வதை வாசித்தபடி பின்தொடருங்கள். முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். மண்டிக் கணினியில் டெபியனின் பழைய நுழைவுத் திரை, மாமா வைத்திருந்த கே.ஆர்.பி. அணைப் படத்தோடு, அப்படியே வந்து நின்றது.

பழைய பயாஸ் முறையில் நிறுவியிருந்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. போர்டின் அமைப்பில் பழைய முறையையும் ஏற்கும் சிஎஸ்எம் என்ற தெரிவு இருந்தால் அதை இயக்குவதே போதும். புதிய போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. அப்போது பென்டிரைவ் மின்டில் பகிர்வுகளை மாற்றும் ஜிபார்ட்டட் கருவியைக் கொண்டு, லினக்ஸ் இருக்கும் மூலப் பகிர்வை 500 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் ஃபேட்32 பகிர்வு ஒன்றை உருவாக்கி, ‘இஎஸ்பி’ கொடியைப் போட்டு, பிறகு பூட் ரிப்பேரை ஓட்ட வேண்டும். நகல் எடுக்காமல் இதில் கை வைக்கவே வேண்டாம். பகிர்வைச் சுருக்கும் நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க்கிலுள்ளது போய்விடும். யூபிஎஸ் இல்லாதவர்கள் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கியாவது வையுங்கள்.

க்ரப் வந்து, பிறகு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற எழுத்தோடு கறுப்புத் திரையில் நின்றால், தொடக்க நேரத்துக்கான சிறு டிரைவர் மூட்டையில் புதிய போர்டின் டிஸ்க் டிரைவர் இல்லை என்று பொருள். டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றும் இயல்பிலேயே பெரும்பாலான டிரைவர்களையும் மூட்டையில் கட்டிவைப்பதால் இது அபூர்வம், முதலில் சாட்டா முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் கட்டும். அதில் க்ரப் பட்டியலின் ‘ரெஸ்க்யூ’ வரியைத் தேர்ந்தால் உள்ளே போய்விடலாம், போனபின் டிராகட் கட்டளையால் மூட்டையைப் புதிதாகக் கட்டுங்கள். ஆர்ச் என்ற வகையில் ‘ஃபால்பேக்’ என்ற வரி இருந்தால் அது அதே வேலையைச் செய்யும்.

க்ரப்புக்குப் பிறகு திரை இருண்டுவிட்டால் அது கிராஃபிக்ஸ். க்ரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் பெரிதாக, மங்கலாக வரும், ஆனால் வரும். பிறகு, சில்லுக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரின் உரிய தொகுப்பைப் போடலாம். டெபியனில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ஃபர்ம்வேர் தொகுப்புகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் தொகுப்பையும், பிராசசர் இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு மாறியிருந்தால் பிராசசரின் பிழைகளைத் திருத்தும் ஏஎம்டி மைக்ரோகோடையும் நிறுவுங்கள்.

இணையம்

லினக்ஸில் லேன் அட்டையின் பெயர் அது செருகப்பட்டிருக்கும் இடத்தைச் சொல்லும். ‘இஎன்பி3எஸ்0’ என்றால், போர்டில் அட்டைகள் இணையும் பிசிஐ பாதைகளில் 3 என்ற எண்ணுள்ளதில் பூஜ்ஜியம் எண் இடத்திலுள்ள ஈதர்நெட். போர்டு மாறினால் இடம் மாறும், பெயரும் மாறும். வீட்டுக் கணினியில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் தானே புதிய இணைப்பை உருவாக்கிவிடும். நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி எண்) கொடுத்திருந்தால் அது பழைய பெயரோடு கட்டப்பட்டிருக்கும், புதிய பெயருக்கு மறுபடி எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால், ரவுட்டர் இல்லாமல் நேரே கேபிள் இணைப்பு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இணைப்புத் தருபவர் பழைய மேக் முகவரியைப் பதிந்து வைத்திருப்பார். அவரிடம் சொல்லி மாற்றலாம். அவர் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதென்றால், இணைப்பு அமைப்பில் ‘க்ளோன்ட் முகவரி’ என்ற கட்டத்தில் பழைய எண்ணை எழுதலாம். செத்த போர்டிலோ அதன் பெட்டியிலோ ஒட்டியிருக்கும் சிறு தாளில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும், ஆகவே போர்டை உடனே எறிந்துவிடாதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால் மின்வயரோடு கேபிள் இணைய வயரையும் பிடுங்குங்கள். மண்டியில் மின்வயரைப் பிடுங்கியிருந்தார்கள், இதை மறந்துவிட்டார்கள்.

எடைமேடை

பிரிண்டர் தொந்தரவு தரவில்லை. ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போயிருந்தது, ஒலி அமைப்பில் மாற்றினால் போதும். மிஞ்சியது எடைமேடை. அதன் வயர் பழைய ஒன்பது ஊசி சீரியல் வகை. புதிய போர்டின் பின்புறம் அந்தத் துளை இல்லை. ஆனால் போர்டின் விளிம்பில் ‘காம்’ என்று எழுதிய இரட்டை வரிசை ஊசிகள் பல போர்டுகளில் இருக்கும். சிறிய பட்டை வயர் ஒன்றை அதில் செருகி, துளையைக் கேபினெட்டின் பின்னால் பொருத்தினால், லினக்ஸில் பழைய ‘டிடிஒய்எஸ்0’ என்ற பெயரே தொடரும், நிரலில் எதையும் தொட வேண்டாம்.

அந்தப் பட்டை வயர் எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை. யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்றை மாட்டினோம். பெயர் ‘டிடிஒய்யூஎஸ்பி0’ ஆகிவிட்டது. இதில் வேறொரு யூஎஸ்பி சீரியல் கருவியைச் செருகினால் எண் மாறக்கூடும். அதனால் ‘டெவ்’ கோப்புறையில் ‘சீரியல்’, அதனுள் ‘பை-ஐடி’ என்ற இடத்தில் உள்ள நீண்ட நிலையான பெயரை நிரலில் எழுதினேன். சீரியல் துளையைப் பயன்படுத்தப் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். அந்த அனுமதி பழைய அமைப்பிலேயே இருந்ததால் அப்படியே செல்லுபடியானது.

வெளியே பெங்களூரா ஏற்றிய டெம்போ ஒன்று காத்திருந்தது. முதல் கிரேட் பெட்டியை மேடையில் வைத்தார்கள். மேடையின் சிவப்பு எண்களில் 22.4 வந்தது, ஒரு விநாடி கழித்துத் திரையில் பில் கட்டத்திலும் 22.4 வந்தது. மாமா அடுத்த பெட்டியை வைக்கச் சொன்னார்.